ஊர்க்காட்டுக்குக் கார்பன் பணம்: எப்போது கைகொடுக்கும், எந்த வரிசையில் இறங்க வேண்டும்?

பல வருஷமாகத் தன் காட்டைக் காத்துவரும் ஒரு கிராமத்துக்கு யாரோ வந்து, "உங்கள் மரங்களுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரமே ஊர் இளைஞர்கள் டேப்பைத் தூக்கிக்கொண்டு மரம் அளக்கக் கிளம்பிவிடுவார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள்.

கிராமக் குழுக்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவன ஊழியர்களுக்கும், காடு காத்ததற்கான கார்பன் சான்றுகளை விற்றுத் தருவதாகச் சொல்லும் கார்பன் கம்பெனி கதவைத் தட்டிய பிறகு என்ன செய்வது என்று யோசிக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டின் மீது உரிமையும், அதைக் காக்கும் குழுவும் ஏற்கெனவே இருந்து, ஆனால் காட்டுக்கு வரும் ஆபத்தைச் சமாளிக்க ஊரின் கைக்காசு போதாத இடத்தில்தான் கார்பன் பணம் வேலை செய்கிறது. உரிமை இல்லாத இடத்தில் அது சண்டையைக் கொண்டுவரும், ஆபத்தே இல்லாத இடத்தில் அது வராது.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காட்டின் எல்லை வரைபடம், கையால் வரைந்தது என்றாலும் பரவாயில்லை. உரிமையைக் காட்டும் ஏதாவது ஒரு காகிதம். ஊர்க்கூட்டத் தீர்மானப் புத்தகம். குறைந்தது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிலையில் ஒரு வங்கிக் கணக்கு.

அப்புறம், காட்டைப் பயன்படுத்தும் எல்லாருடைய பட்டியல். இதில் ஊருக்குள் வீடு இல்லாதவர்களும் வர வேண்டும். வருஷத்தில் ஒரு பருவத்துக்கு மட்டும் மாடு ஓட்டிவருபவர்கள், பக்கத்து ஊரிலிருந்து விறகுக்கு வரும் பெண்கள், இவர்களை விட்டுவிட்டுப் போட்ட திட்டம் பின்னால் அவர்களாலேயே உடையும். அதில் அவர்கள் மேல் தப்பும் இருக்காது.

1. காடு யாருடையது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்காமல் தடுத்ததற்கு, அல்லது காற்றிலிருந்து எடுத்ததற்கு, கொடுக்கப்படும் சான்று. தாங்கள் விடும் புகைக்கு ஈடுகட்ட நினைக்கும் நிறுவனங்கள் அதை வாங்கும். அதை விற்க வேண்டும் என்றால் விற்பவருக்கு அதன் மீது உரிமை இருக்க வேண்டும். பல நாடுகளில் காடு அரசுடையது, ஊருக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான்.

நாட்டுக்கு நாடு இது மாறும். நேபாளத்தில் 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம் நிர்வாகத்தைச் சமுதாயக் குழுக்களிடம் கொடுத்தது, நிலம் அரசிடமே இருந்தது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமுதாய வன வளங்களைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது, ஆனால் கார்பன் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. மேகாலயாவின் காசி மலைகளில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான காடு குலங்களுக்கும் ஊர்களுக்கும் சொந்தம், "ஹிமா" என்ற பாரம்பரிய ஆட்சி அமைப்புகள் இன்றும் இயங்குகின்றன. இந்தியாவில் சமுதாயமே முன்னின்று நடத்திய முதல் காடழிப்புத் தடுப்புக் கார்பன் திட்டம் மாவ்ஃப்லாங் பகுதியில் பத்து ஹிமாக்கள் ஒன்றுகூடியதால் உருவானது. அந்த நிலவுரிமை இல்லாமல் அது நடந்திருக்காது.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியாவின் ஒட்டார் மியன்சே மாகாணத்தைப் பாருங்கள். பதின்மூன்று சமுதாயக் காடுகளைச் சேர்த்து ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். மக்கள் ரோந்து போனார்கள், அளந்தார்கள், சான்றிதழுக்கான வேலையும் நடந்தது. ஆனால் ராணுவமும் நிலத்தைப் பிடிக்க வந்தவர்களும் காட்டுக்குள் நுழைந்தபோது தடுக்கும் அதிகாரம் அந்தக் குழுக்களிடம் இல்லை. காடும் போனது, எதிர்பார்த்த பணமும் வரவில்லை.

உரிமைக் காகிதம் இன்னும் வரவில்லை என்றால் கார்பன் பேச்சை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு உரிமைக்கு மனுப் போடுங்கள். காட்டுக்கு விலை வரப்போகிறது என்ற செய்தி பரவிய பிறகு உரிமை கேட்டால், எதிர்த் தரப்பில் நிற்பவர்களின் எண்ணிக்கை கூடிவிடும்.

2. காட்டை யார், எதற்காக அழிக்கிறார்கள்?

கார்பன் சந்தை, நிற்கிற மரத்துக்குக் காசு கொடுப்பதில்லை. திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு அழிந்திருக்கும், திட்டத்தால் எவ்வளவு தப்பித்தது, அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு. இதைக் கிராமக் கூட்டத்தில் சொல்லும்போது முகங்கள் மாறும், ஏனென்றால் பரம்பரையாக நன்றாகக் காத்த ஊருக்குக் குறைவாகவும், அழிந்துகொண்டிருக்கும் காட்டுக்கு அதிகமாகவும் வருகிறது. இது நியாயம் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதை மறைத்துப் பேசினால் பின்னால் நம்பிக்கை போய்விடும்.

அதனால் ஆபத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "காடழிப்பு" என்று பொதுவாக எழுதினால் உதவாது. எந்தப் பக்கச் சரிவில், எந்த மாதத்தில், யார், எதற்கு? காசி மலைகளில் விறகு, கரி மூட்டம், கல் குவாரி, மேய்ச்சல், வறண்ட மாதங்களில் பரவும் காட்டுத்தீ என்று காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். பிரித்ததால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து கிடைத்தது. தீக்குத் தடுப்புக்கோடு, விறகுக்குப் புகையில்லா அடுப்பு, சிதைந்த சரிவுக்குப் புதிதாக நடாமல் களை எடுத்துப் பாதுகாத்துத் தானாக முளைத்ததை வளரவிடுவது.

3. இந்தப் பணம் அந்த ஆபத்தைத் தடுக்குமா?

வழிகாட்டிகள் பலவும் ஓடிக் கடக்கும் இடம் இது. என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் அதிக நேரம் இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

காட்டை வெட்டுபவருக்கு அதிலிருந்து என்ன வருமானம்? அதை விட்டுவிடச் சொன்னால் அவருக்கு எவ்வளவு நஷ்டம்? அந்த நஷ்டம் கார்பன் வருமானத்தைவிடச் சிறியதாக இருந்தால்தான் திட்டம் நிற்கும். விறகு, சிறு மேய்ச்சல், கவனக்குறைவால் பிடிக்கும் தீ, இவற்றைத் தடுக்க ஆகும் செலவு குறைவு. எண்ணெய்ப்பனைத் தோட்டம், சுரங்கம், நெடுஞ்சாலை ஓர மனை வியாபாரம் போன்றவற்றோடு கார்பன் பணம் போட்டி போட முடியாது. அங்கே சட்டமும் அரசியல் பலமும்தான் தடுக்கும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. வெட்டுபவரும் பணம் பெறுபவரும் ஒரே ஆளா? வெளியூர் மரக் கடத்தல்காரர் வெட்டுகிறார், பணம் ஊருக்கு வருகிறது என்றால், அந்தப் பணம் கடத்தல்காரரின் மனதை மாற்றாது. ரோந்துக்குச் சம்பளமாக மாறினால்தான் பயன். ஊருக்குள்ளேயே கரி சுடும் குடும்பம்தான் வெட்டுகிறது என்றால், பணம் நேராக அந்தக் குடும்பத்தின் பிழைப்புக்குப் போக வேண்டும். ஊர்ப் பொதுவில் கோயிலுக்கோ மண்டபத்துக்கோ போனால் அவர்கள் கரி சுடுவதை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் முடியாது.

கசிவு என்று இந்தத் துறையில் சொல்வதும் இங்கேதான் வருகிறது. இந்தக் காட்டில் வெட்டாமல் அடுத்த காட்டில் வெட்டினால் பூமிக்கு என்ன லாபம்? கென்யாவின் காஸி (Gazi) விரிகுடாவில் "மிக்கோகோ பமோஜா" என்ற அலையாத்திக் காட்டுத் திட்டம் 2013இல் தொடங்கியது. அலையாத்தி மரத்தை வீடு கட்டும் கம்புக்கும் விறகுக்கும் வெட்டிப் பழகிய ஊர்கள் அவை. வெட்டாதே என்று சொன்னதோடு நிற்காமல் கரையில் சவுக்குத் தோப்பு வைத்தார்கள். கம்புக்கும் விறகுக்கும் மாற்று இருந்தால்தான் தடை நிற்கும். உங்கள் திட்டத்தில் அந்தச் சவுக்குத் தோப்புக்குச் சமமானது எது என்று ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் நான்காம் படிக்குப் போகாதீர்கள்.

4. ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

நிபுணரைக் கூப்பிடும் முன்பே இதைச் செய்துவிடலாம். கீழே இருப்பது எந்த ஊரின் கணக்கும் இல்லை, வழிமுறையைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

500 ஹெக்டேர் காடு. வருஷத்துக்கு 2 சதவீதம், அதாவது 10 ஹெக்டேர் அழிகிறது. ஒரு ஹெக்டேர் அழிந்தால் 300 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்று வையுங்கள். ஊர் முழு மூச்சாக உழைத்து அழிவைப் பாதியாகக் குறைத்தால் 5 ஹெக்டேர் தப்பிக்கும், 1,500 டன். கசிவுக்கு 10 சதவீதம் கழித்தால் 1,350. தீ, புயல் வந்து காடு போனால் ஈடுகட்டச் சான்று அமைப்புகள் ஒரு பகுதியைப் பொது இருப்பில் பிடித்து வைக்கும். அதற்கு 20 சதவீதம் கழித்தால் 1,080 டன். டன்னுக்கு 7 டாலர் கிடைத்தால் 7,560 டாலர். 150 குடும்பங்கள் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 50 டாலர்.

இதில் இன்னும் செலவு எதையும் கழிக்கவில்லை. காவலர் சம்பளம், அளவை, திட்ட ஆவணம் எழுதுபவர், சில வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெளித் தணிக்கையாளர் எல்லாம் இருக்கிறது. தணிக்கைச் செலவு காட்டின் பரப்புக்கு ஏற்பக் குறைவதில்லை, சின்னக் காட்டுக்கும் கிட்டத்தட்ட அதே விமான டிக்கெட்தான், அதே அறிக்கைதான். அதனால்தான் சின்னக் காடுகள் தனியாக நிற்க முடியாமல் பல ஊர்கள் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது.

மிக்கோகோ பமோஜா வெறும் 117 ஹெக்டேர். ஆண்டுக்குச் சுமார் 3,000 டன். அது எப்படி நிற்கிறது? அலையாத்தி மண்ணுக்கு அடியில் கார்பன் மிக அதிகம். கென்யாவின் கடல் ஆய்வு நிறுவனம் பக்கத்திலேயே இருந்து அளவையில் உதவியது. விற்பனையை ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. இந்த உதவிகளுக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டியிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். "117 ஹெக்டேரிலேயே முடியும்" என்று அதைக் காட்டி யாராவது பேசினால் இந்த மூன்றும் உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்தப் படியில் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. காட்டில் மொத்தம் இருக்கும் கார்பனைக் கிரெடிட் விலையால் பெருக்கிவிடுவது. மேலே உள்ள கணக்கில் மொத்த இருப்பு 1,50,000 டன், விற்கக்கூடியது 1,080. முதல் எண்ணைக் கேட்டு மயங்கிக் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

5. சம்மதம்

கணக்குத் தாள் கையில் வந்த பிறகுதான் ஊர்ச் சம்மதம் கேட்க வேண்டும், ஏனென்றால் எவ்வளவு வரும், எதை விட வேண்டும் என்று தெரியாமல் கொடுக்கும் சம்மதத்துக்கு அர்த்தம் இல்லை. பழங்குடிகளின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரம் அறிந்த சம்மதத்தை 2007ஆம் ஆண்டின் ஐநா பிரகடனமே வலியுறுத்துகிறது.

ஒரே கூட்டத்தில் முடிக்காதீர்கள். முதல் கூட்டத்தில் சொல்லுங்கள், ஊர் தனக்குள் பேசட்டும், பிறகு வாருங்கள். பெண்களைத் தனியாகச் சந்தியுங்கள். விறகும் கீரையும் எடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான், பொதுக்கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், "இனி அடுப்புக்கு என்ன செய்வது" என்று கேட்பார்கள். "வேண்டாம்" என்று சொன்னவர்களின் காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு திட்டம் எங்கே விரிசல் விடும் என்பதற்கு அந்தப் பக்கம்தான் முன்னறிவிப்பு.

6. சான்று அமைப்பும் ஒப்பந்தமும்

பிளான் விவோ என்பது சமுதாயத் திட்டங்களுக்காகவே உள்ள தரச் சான்று. விற்பனை வருமானத்தில் குறைந்தது 60 சதவீதம் மக்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் விதி. காசி மலைகளும் மிக்கோகோ பமோஜாவும் அதன் கீழ்தான் வருகின்றன. வெர்ரா என்ற இன்னொரு சான்று அமைப்பு இதைவிடப் பெரியது, பெரிய காடுகளுக்கும் பெரிய வாங்குபவர்களுக்கும் ஏற்றது.

எந்த முறைப்படி "திட்டம் இல்லாவிட்டால் இவ்வளவு அழிந்திருக்கும்" என்று கணக்கிடுகிறார்கள் என்பதை விடாமல் கேளுங்கள். ஆறு நாடுகளில் 26 திட்டங்களை ஆராய்ந்து 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்றது. அழிவைப் பெரிதாகக் காட்டியதால் கிரெடிட்டும் பெரிதாகிவிட்டது. அதே ஆண்டு வெர்ரா புதிய முறையைக் கொண்டுவந்தது. உங்களிடம் வரும் கம்பெனி பழைய எண்களை வைத்து வருமானம் சொன்னால் அது வராது. வாங்குபவர்கள் இப்போது துருவித் துருவிக் கேட்கிறார்கள், அது ஊருக்கும் நல்லதுதான்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது இவைதான். எத்தனை வருஷம்? 30, 40 வருஷம் என்றால் இன்று பிறக்காத பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறோம். ஊரின் பங்கு மொத்த விற்பனையிலா, செலவு போன மிச்சத்திலா? மிச்சத்தில் என்றால், "செலவு" என்ன என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கென்யாவில் 2023இல் திருத்திய காலநிலை மாற்றச் சட்டம், நிலம் சார்ந்த திட்டங்கள் 40 சதவீத வருமானத்தைச் சமுதாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால் ஒப்பந்தத்தில்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு விற்பனையின் விலையையும் ஊருக்குக் காட்டும் ஷரத்து வேண்டும். விறகு, தேன், கிழங்கு, வழிபாடு தொடரும் என்ற ஷரத்து வேண்டும். தீ பிடித்துக் காடு போனால் ஊர் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுதியிருக்க வேண்டும். விலகும் வழி, தகராறு வந்தால் உள்ளூர் நீதிமன்றம், எல்லாம் ஊர் பேசும் மொழியில் ஒரு பிரதி. இவை எதையும் கேட்டால் "இது நிலையான ஒப்பந்தம், மாற்ற முடியாது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

அரசின் ஒப்புதலும் தேவைப்படலாம். பாரிஸ் ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவின்படி, ஒரு நாட்டின் கிரெடிட்டை இன்னொரு நாடு தன் இலக்குக்காக எடுத்துக்கொண்டால், விற்ற நாடு அதைத் தன் கணக்கில் காட்ட முடியாது. அதனால் எதை விற்க அனுமதிப்பது என்பதில் அரசுகள் இப்போது தலையிடுகின்றன.

7. பணத்தைப் பிரிக்கும் விதியைப் பணம் வரும் முன்பே எழுதுங்கள்

வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் பலமானவர்களின் குரல்தான் விதியாகும். நேபாளத்தில் டோலகா, கோர்க்கா, சித்வன் மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சமுதாயக் காடுகளில் நடந்த முன்னோடித் திட்டத்தில், பங்கில் 40 சதவீதம் மட்டும் கார்பன் அளவைப் பொறுத்தது, மீதி 60 சதவீதம் ஏழைகள், தலித்துகள், பழங்குடிகள், பெண்கள் ஆகியோரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது, ஏனென்றால் காட்டை நம்பி அதிகம் வாழ்பவர்கள்தான் தடையால் அதிகம் இழக்கிறார்கள்.

வீட்டுக்கு 50 டாலர் என்று பிரித்துக் கொடுப்பதைவிட, குடிநீர்க் குழாய், பள்ளிப் புத்தகம் என்று பொதுவில் செலவழிப்பது சிறு தொகைக்குப் பொருந்தும். மிக்கோகோ பமோஜா இப்படித்தான் செய்கிறது. ஆனால் மூன்றாம் படியில் சொன்ன கரி சுடும் குடும்பம் போன்றவர்களுக்கு முதலில் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் பொதுச் செலவு.

8. இப்போது மரத்தை அளக்கலாம்

ஊர்க்காரர்களே அளக்க முடியும், நன்றாகவே அளப்பார்கள். 1.3 மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பு வெட்டிக்கொள்ளுங்கள். மரத்தின் அடியில் நிறுத்தி, கம்பின் முனை தொடும் இடத்தில் சுற்றளவு எடுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்துதான் கம்பை நிறுத்த வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் டேப் அடிமரத்தின் தடித்த பகுதியில் விழும். அந்த உயரத்துக்குக் கீழேயே இரண்டாகக் கவைத்திருந்தால் இரண்டு மரமாக எண்ணுங்கள். கொடி சுற்றியிருந்தால் டேப்பைக் கொடிக்கு அடியில் நுழையுங்கள். அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போடுங்கள், அடுத்த முறை வருபவர் அதே கோட்டில் அளக்க வேண்டும்.

சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். அந்த விட்டத்தைச் சூத்திரத்தில் போட்டுத்தான் மரத்தின் எடையைக் கணக்கிடுவார்கள். இந்த இடத்தில் கவனம் தேவை. மரத்தின் எடை விட்டத்தோடு நேராகக் கூடுவதில்லை, விட்டத்தில் 10 சதவீதம் பிசகினால் எடைக் கணக்கு கால் பங்குக்கும் மேல் பிசகும். உலர்ந்த எடையில் ஏறக்குறைய 47 சதவீதம் கார்பன், அதை 3.67ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு. உலர்ந்த எடை 100 கிலோ உள்ள மரம் என்றால் 172 கிலோ.

எல்லா மரத்தையும் அளக்க வேண்டாம். நிரந்தர அளவைக் கட்டங்களை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவிட்டு அங்கே போங்கள். போன இடத்தில் அடர்த்தியான பகுதியாகப் பார்த்துக் கட்டம் போடும் ஆசை எல்லாருக்கும் வரும், தணிக்கையாளர் முதலில் கண்டுபிடிப்பதும் அதைத்தான்.

9. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலைமைகள்

பக்கத்து ஊரோடு எல்லைத் தகராறு தீராமல் இருந்தால். தாள் கணக்கில் செலவு வரவைத் தாண்டினால். முதல் பணம் வரும் வரையில், அது சில வருஷம் ஆகலாம், காவல் செலவுக்கு வேறு வழி இல்லையென்றால். சந்தை விலை பாதியாக விழுந்தால் காட்டுக் காவல் நின்றுவிடும் என்ற நிலை இருந்தால். கம்பெனி அவசரப்படுத்தினால்.

வேண்டாம் என்று முடிவானாலும் இதுவரை செய்த வேலை வீணாகாது. எல்லை வரைபடமும் தீர்மானப் புத்தகமும் உரிமை மனுவுக்கு அப்படியே போகும். ஆபத்துப் பட்டியலை வைத்து வனத்துறையிடம் தீத்தடுப்புக்கோட்டுக்கு நிதி கேட்கலாம், அடுப்புக்கும் விறகுத் தோப்புக்கும் அரசுத் திட்டங்களைத் தேடலாம். கீழே தண்ணீர் எடுக்கும் ஊர் ஏதாவது இருந்தால், நீரூற்றைக் காக்கும் மேட்டு ஊருக்கு ஒரு பங்கு கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம். அந்தப் பேச்சுக்குத் தணிக்கையாளர் தேவையில்லை, ஊற்றில் கோடையில் எத்தனை குடம் வருகிறது என்ற பதிவு போதும். அதை இந்தக் கோடையிலிருந்தே எழுத ஆரம்பித்துவிடுங்கள்.